டிஷ்ஷில் துடிக்கும் இதய செல்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் "லேப்பில் இதய செல் வளர்க்கிறேன்" என்பேன். அதன் பிறகு வரும் கேள்விகள் கல்யாணப் பந்தியிலும் கல்லூரிக் கருத்தரங்கிலும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் பாதி பதில் சொல்வதற்குள் பாயசம் வந்துவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். டிஷ் என்று வரும் இடமெல்லாம் லேப்பில் செல் வளர்க்கும் தட்டையான சிறு தட்டு என்று படியுங்கள்.

ஸ்டெம் செல்னா என்னங்க? குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியில இருந்து எடுத்து வைக்கச் சொல்றாங்களே, அதானே?

அது ஒரு வகை. ஸ்டெம் செல் என்றால் இன்னும் வேலை முடிவாகாத செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கவும் தெரியும், வேறு வேலை பார்க்கும் செல்லாக மாறவும் தெரியும். எவ்வளவு தூரம் மாற முடியும் என்பதில்தான் வகைக்கு வகை வேறுபாடு. தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பவை முக்கியமாக ரத்த செல்களை உண்டாக்குபவை. அவற்றிலிருந்து இதயத் தசை வராது. குடும்பத்தில் மருத்துவத் தேவை எதுவும் இல்லாதபோது தனியார் வங்கியில் பணம் கட்டிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைக்கவும் இல்லை.

இந்தப் பக்கத்தில் நான் பேசுவது உடம்பின் எந்த செல்லாகவும் மாறக்கூடிய வகையைப் பற்றி. அதில் இரண்டு உண்டு. ஒன்று, சில நாள் வயதுள்ள மனிதக் கருவிலிருந்து எடுப்பது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் 1998இல் முதன்முதலாக வளர்த்துக் காட்டினார். மற்றொன்று ஐபிஎஸ் செல். அதற்குக் கொஞ்சம் தள்ளி வருகிறேன்.

இதயத்தை ஆராயணும்னா இதயத்துல இருந்தே ஒரு துளி எடுத்துக்க வேண்டியதுதானே? ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கணும்?

எடுக்கலாம். அறுவை சிகிச்சையின்போது வெட்டி நீக்கப்படும் துண்டுகள், மாற்று இதயம் பொருத்தும்போது கழற்றிய பழைய இதயம் எல்லாம் ஆய்வுக்கு வரத்தான் செய்கின்றன. ஆனால் அப்படி வருவது பெரும்பாலும் நோய் முற்றிய இதயம். வீடு எரிந்து முடிந்த பிறகு சாம்பலைக் கிளறி, தீ எங்கே பிடித்தது என்று தேடுகிற மாதிரி. அப்புறம், எடுத்த தசை செல்கள் வெளியே சில நாட்களிலேயே உருக்குலைய ஆரம்பித்துவிடும். பெருகவும் பெருகாது.

ஏன் பெருகாது என்பதே சுவாரசியமான கதை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுச் சோதனை நடத்தின. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எகிறியது. 1963இல் தடை ஒப்பந்தம் வந்த பிறகு ஆண்டுக்காண்டு குறைந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் அந்த ஆண்டின் கார்பன் அளவு பதிந்துவிடும். ஸ்வீடனில் யோனாஸ் ஃப்ரிசெனின் குழு அதையே பிறந்த தேதி முத்திரையாக வைத்து, இறந்தவர்களின் இதய செல்களுக்கு வயது கணக்கிட்டது. 2009இல் வெளியான முடிவு: 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீத இதயத் தசை செல்கள் புதிதாக வருகின்றன, 75 வயதில் அது 0.45 சதவீதமாகக் குறைகிறது. அதாவது நீங்கள் பிறந்தபோது இருந்த செல்களில் பாதிக்கு மேல் கடைசி வரை உங்களோடேயே வரும். பெரிய மாரடைப்பில் நூறு கோடி செல்கள் வரை போகலாம். இந்த வேகத்தில் உடம்பால் அதை ஈடுகட்ட முடியாது.

எலி, முயல்லாம் இருக்கே?

இருக்கின்றன, அவற்றிலிருந்து நிறையத் தெரிந்துகொண்டோம். ஆனால் சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கிறது. அவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் செல் மின்சார ரீதியில் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு எலி நம்பியிருக்கும் பொட்டாசிய வாயில்கள் (செல்லின் சவ்வில் பொட்டாசியத்தை வெளியே விடும் நுண்ணிய துளைகள்) வேறு, நாம் நம்பியிருப்பவை வேறு. தசையைச் சுருக்கும் மயோசின் புரதத்திலும் எலிக்கு ஒரு வகை, நமக்கு வேறு வகை.

ஆகவே, ஒரு மருந்து மனித இதயத்தின் ஓட்டத்தைக் கெடுக்குமா என்று எலியிடம் கேட்டால், அதற்குக் கேள்வியே புரியாது.

ஐபிஎஸ்னா போலீஸ்ல சொல்றதுதானே தெரியும். இது என்ன ஐபிஎஸ்?

இந்த ஜோக்கைக் கேட்டுக் கேட்டு நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இது வேறு. வேலை முடிவாகிவிட்ட ஒரு சாதாரண செல்லை, தோலிலோ ரத்தத்திலோ இருப்பதை, மறுபடி வேலை முடிவாகாத நிலைக்குத் தள்ளிக் கொண்டுபோனால் கிடைப்பது ஐபிஎஸ் செல்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாகா, கசுதோஷி தகாஹாஷி இருவரும் செய்தது. கருவின் செல்களில் மும்முரமாக வேலை செய்யும் 24 மரபணுக்களைப் பட்டியலிட்டு, அத்தனையையும் எலியின் தோல் செல்லுக்குள் சேர்த்து அனுப்பினார்கள். செல் பின்னோக்கிப் போனது. சரி, இதில் எதெல்லாம் உண்மையில் தேவை? ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் போட்டுப் பார்த்தார்கள். சாம்பாரில் எந்தப் பொருள் இல்லாவிட்டால் சாம்பாராகவே இருக்காது என்று கண்டுபிடிக்கிற அதே முறை. கடைசியில் நின்றவை நான்கு: ஆக்ட்-4, சாக்ஸ்-2, கேஎல்எஃப்-4, சி-மிக். எலியில் 2006, மனிதரில் 2007. தவளை முட்டையை வைத்து இதற்கு அடிப்படை போட்ட ஜான் கர்டனும் யமனாகாவும் 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கர்டனின் கட்டுரை வெளியான 1962தான் யமனாகா பிறந்த ஆண்டும்.

நோயைப் படிப்பவர்களுக்கு இதில் பெரிய லாபம் என்னவென்றால், ஐபிஎஸ் செல்லுக்குச் சொந்தக்காரர் உண்டு. அவர் யார், எத்தனை வயதில் மயங்கி விழுந்தார், அவருடைய அப்பா எப்படி இறந்தார் என்பதெல்லாம் தெரியும். கருவிலிருந்து எடுத்த செல்லுக்கு அப்படி ஒரு வாழ்க்கை வரலாறு கிடையாது.

சரி, அந்த செல்லை இதயமா மாறுன்னு எப்படிச் சொல்லுவீங்க?

இதயம் என்று சொல்லாதீர்கள், இதயத் தசை செல். இதயத்தில் தசை தவிர ரத்தக்குழாய் செல்கள், நார்த்திசு செல்கள், நரம்பு இழைகள், வால்வு எல்லாம் உண்டு.

கருவில் இதயம் உருவாகும்போது செல்களுக்கு எந்த வரிசையில் என்ன சேதி போகிறதோ, அதை நாங்கள் நகல் செய்கிறோம். முக்கியமானது 'வின்ட்' எனப்படும் சமிக்ஞைப் பாதை. முதலில் அதை முடுக்கிவிட வேண்டும், சரியான நேரத்தில் அடைக்க வேண்டும். விஸ்கான்சினில் ஷான் பலெசெக்கின் குழு 2012இல் இதை இரண்டு சிறிய ரசாயனங்களாலேயே செய்யலாம் என்று காட்டியது. முதல் நாள் ஒன்று, மூன்றாம் நாள் வாக்கில் இன்னொன்று. அதற்கு முன் விலை உயர்ந்த வளர்ச்சிப் புரதங்கள் வேண்டியிருந்தன. விளைச்சலும் முன்னே பின்னே இருக்கும். இந்த முறையில் எல்லாம் கூடிவந்தால் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட செல்கள் இதயத் தசையாகின்றன. எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் துடிப்பு தெரியும்.

எல்லாம் கூடிவந்தால் என்று சொன்னேன், கவனியுங்கள். முதல் வாரத்தில் ஊட்டத் திரவத்தில் இன்சுலின் இருக்கக் கூடாது, அது இதயப் பாதையைத் தடுக்கும். இன்சுலின் உள்ள புட்டியும் இல்லாத புட்டியும் பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் புட்டி மாற்றி ஊற்றிவிட்டு, துடிக்காத செல்களை இரண்டு வாரம் மைக்ராஸ்கோப்பில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒரு புட்டியின் மூடியில் சிவப்பு நகப்பூச்சு வைத்துவிடுவேன்.

மீதமிருக்கும் மற்ற செல்களைக் கழிக்க ஓர் அழகான தந்திரம் உண்டு. குளுக்கோஸை நிறுத்திவிட்டு லாக்டேட் என்ற வேறொரு எரிபொருளை மட்டும் கொடுப்பது. இதயத் தசை செல் அதைத் தின்று பிழைத்துக்கொள்ளும், மற்றவை பட்டினியில் போய்விடும். டோக்கியோவில் கெய்யோ பல்கலைக்கழகத்துக் குழு 2013இல் காட்டிய வழி.

டிஷ்ல நிஜமாவே துடிக்குமா? யாரு துடிக்கச் சொல்றா?

துடிக்கும். வெறும் கண்ணுக்கே சில சமயம் தெரியும். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனித் திட்டுகள், அவரவர் தாளத்தில். செல்கள் வளர்ந்து ஒன்றையொன்று தொட்டதும் மின்சாரம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய, டிஷ் முழுவதும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். மூளையும் வேண்டாம், நரம்பும் வேண்டாம். செல்லின் சவ்வில் உள்ள நுண்ணிய வாயில்கள் வழியே சோடியமும் கால்சியமும் உள்ளே வருவதும் பொட்டாசியம் வெளியேறுவதும்தான் துடிப்பு.

பார்க்க ஆனந்தமாக இருக்கும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்துக் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். வளர்ந்த மனிதரின் கீழறைத் தசை செல் தானாகத் துடிக்காது. மேலே இருக்கும் தாளக் கணுவிலிருந்து சேதி வரும்வரை அமைதியாகக் காத்திருக்கும். எங்கள் செல்கள் தாமாகத் துடிப்பது அவை இன்னும் முதிரவில்லை என்பதற்கு அடையாளம். இது பின்னால் இரண்டு இடங்களில் தலைகாட்டும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியோட தோல்ல இருந்து செஞ்ச செல்லுல அவரோட இதய நோய் தெரியுமா? தோலுக்கு நோய் இல்லையே?

நல்ல கேள்வி. தோல் செல்லிலும் அதே பிழையான மரபணு இருக்கிறது. மரபணுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தோல் படிப்பதில்லை, அவ்வளவுதான். இதய செல்லாக மாறியதும் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது, பிழை வெளியே வருகிறது.

முதலில் கை வைத்த நோய்களில் ஒன்று நீள் க்யூடி. இதில் இதயம் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஈசிஜியில் க்யூ என்ற புள்ளியிலிருந்து டி அலை முடியும்வரை உள்ள தூரம் மட்டும் நீண்டிருக்கும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் செல் ஓய்வுக்குத் திரும்பத் தாமதிக்கிறது என்று பொருள். ஓடும்போதோ திடுக்கிடும்போதோ துடிப்பு தாறுமாறாகி, ஆரோக்கியமாகத் தெரிந்த இளவயதினர் சுருண்டு விழுவார்கள். 2010இல் மியூனிக்கில் ஒரு குழு இந்த நோயின் முதல் வகை இருந்த ஒரு குடும்பத்தினரின் தோலிலிருந்து இதய செல்களை உண்டாக்கியது. டிஷ்ஷிலும் அந்த செல்கள் ஓய்வுக்குத் திரும்பத் தாமதித்தன. அட்ரினலின் போன்ற தூண்டலைக் கொடுத்ததும் தாளம் கெட்டது. இந்த நோயாளிகளுக்கு டாக்டர்கள் தரும் பீட்டா பிளாக்கர் அதைக் கட்டுப்படுத்தியது. அடுத்த ஆண்டே இஸ்ரேலின் ஹைஃபாவில் லியோர் கெப்ஸ்டீனின் குழு இரண்டாம் வகையைச் செய்து காட்டியது.

அதன் பிறகு இதயத் தசை தடிப்பது, மெலிந்து விரிவது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் பிழை உள்ள பார்த் நோய் என்று வரிசையாக வந்தன. மின்சாரக் கோளாறுகள் டிஷ்ஷில் தெளிவாகத் தெரிகின்றன. நாற்பது வயதில் தலைகாட்டும் தசைக் கோளாறுகள் முப்பது நாள் வயதுள்ள செல்லில் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

ரெண்டு பேரோட செல்லை ஒப்பிட்டா ஆயிரம் வித்தியாசம் இருக்குமே. நோயினாலதான்னு எப்படிச் சொல்றீங்க?

இதை ஒரு பி.எஸ்சி. மாணவி கேட்டார். ஆரம்ப காலக் கட்டுரைகள் பலவற்றின் பலவீனம் இதுதான்: நோயாளி இரண்டு பேர், நலமான உறவினர் ஒருவர், அவ்வளவே. ஒரே ஆளின் செல்லை ஒரே முறையில் இரண்டு வாரங்களில் இரண்டு தடவை செய்தாலே விளைச்சல் வேறுபடும்.

இதற்குப் பதில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி. நோயாளியின் ஐபிஎஸ் செல்லில் டிஎன்ஏவின் அந்த ஓர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் அருகருகே வளர்ப்பது. மற்ற எல்லா மரபணுக்களும் ஒன்றே. திருத்தியதும் கோளாறு மறைந்தால் குற்றவாளி அந்தப் பிழைதான். நலமான செல்லில் அதே பிழையைப் புகுத்தி, கோளாறு வருகிறதா என்றும் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் சரியாக வந்தால்தான் நான் நம்புவேன். இப்போது இந்த ஜோடி இல்லாமல் கட்டுரை அனுப்பினால் ஆய்விதழ்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

நம்ம ஊர்க்காரங்களுக்குன்னு ஏதாவது கண்டுபிடிச்சிருக்காங்களா? எல்லாம் வெள்ளைக்காரங்க செல்தானா?

பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் செல்கள்தான், குறை உண்மைதான். ஆனால் நம்மோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று உண்டு. இதயத் தசையின் சுருக்கத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்தின் மரபணு எம்ஒய்பிபிசி3. அதில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்ட வடிவம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, மற்ற இடங்களில் மிக அரிது. பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்டது. இந்தியாவின் பல பகுதி நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, இது இதயச் செயலிழப்போடு தொடர்புள்ளது என்றார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 4 சதவீதம் என்றால் கோடிக்கணக்கானவர்கள். அவர்களில் பெரும்பாலோர் நன்றாக இருக்கிறார்களே? 2018இல் சக்திவேல் சடையப்பன் குழுவினர், அந்த 25 எழுத்து விடுபட்டவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் டி389வி என்ற இன்னொரு மாற்றமும் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். அப்படிப்பட்டவர்களின் ஐபிஎஸ் இதய செல்கள் அளவுக்கு மீறிச் சுருங்கின. ஆக, அந்த நீக்கத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது அவசரமாக இருக்கலாம். இந்த வடிவம் இருக்கிறது என்று பரிசோதனைச் சீட்டில் வந்தால் உடனே பயந்துவிட வேண்டாம். இதய டாக்டரிடம் எக்கோ எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுல எல்லாருக்கும் மாரடைப்பு. அதை டிஷ்ல வச்சுப் பார்க்க முடியுமா?

பாதிதான் முடியும். மாரடைப்பு பெரும்பாலும் ரத்தக்குழாயின் நோய். கொழுப்பு படிந்து, உடைந்து, ரத்தம் கட்டி, பின்னால் இருக்கும் தசை மூச்சுத் திணறிச் சாகிறது. எங்களிடம் இருப்பது தசை. அதற்கு ஆக்சிஜனை நிறுத்தி மீண்டும் கொடுத்து, எப்படிச் சாகிறது, எதைக் கொடுத்தால் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கலாம். உங்கள் குடும்பத்தில் ஏன் அடைப்பு வருகிறது என்பதை இந்த டிஷ் சொல்லாது. சர்க்கரை, புகை, ரத்த அழுத்தம், நாற்பது வருடச் சாப்பாடு எதுவும் அதில் இல்லை.

மருந்துக் கம்பெனிகளுக்கு இதுல என்ன அக்கறை?

பழைய அனுபவம். டெர்ஃபெனடின் என்று ஓர் அலர்ஜி மாத்திரை இருந்தது. மற்ற அலர்ஜி மாத்திரைகள் மாதிரி தூக்கக் கலக்கம் தராது என்பதால் நன்றாக விற்றது. சிலருக்கு அது இதயத் துடிப்பைக் குலைத்து உயிரை வாங்கியது. இதய செல்லில் ஹெர்க் எனப்படும் பொட்டாசிய வாயிலை அது அடைத்துவிடுகிறது. மரபணுப் பிழையால் வரும் நீள் க்யூடியை (மேலே சொன்னேன்) மாத்திரையே வரவழைத்த மாதிரி. 1990களின் இறுதியில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அன்றிலிருந்து ஹெர்க்கைத் தொடும் எந்த மருந்தையும் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் வந்தது. அதனால் உண்மையில் ஆபத்தில்லாத சில நல்ல மருந்துகளும் முளையிலேயே கைவிடப்பட்டன. ஒரு வாயிலை மட்டும் பார்க்காமல், எல்லா வாயில்களும் உள்ள முழு மனித செல்லிடம் கேட்டால் என்ன என்று 2013இல் ஒரு பன்னாட்டு முயற்சி தொடங்கியது. அதன் பகுதியாக 10 ஆய்வுக்கூடங்கள் 28 மருந்துகளை ஐபிஎஸ் இதய செல்களில் சோதித்து 2018இல் வெளியிட்டன. ஆபத்து அதிகமுள்ளவற்றையும் குறைந்தவற்றையும் நன்றாகவே பிரிக்க முடிந்தது.

ஆனால் டெர்ஃபெனடின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. சாதாரணமாகக் கல்லீரல் அதை உடனே ஆபத்தில்லாத வேறு பொருளாக மாற்றிவிடும். அந்த வேறு பொருள்தான் இன்று கடையில் கிடைக்கும் ஃபெக்ஸோஃபெனடின். கூடவே எரித்ரோமைசின் மாதிரி வேறொரு மருந்து சாப்பிட்டு, கல்லீரலின் அந்த வேலை தடைபட்டவர்களுக்குத்தான் பெரும் ஆபத்து. டிஷ்ஷில் கல்லீரல் கிடையாது. இதயத்தை மட்டும் வைத்துக்கொண்டு மருந்துக்குத் தீர்ப்பு எழுதுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இன்னொன்று. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாக்ஸோரூபிசின் சிலருடைய இதயத்தைப் பாதிக்கும், சிலரை ஒன்றும் செய்யாது. அதே மருந்தை எடுத்துக்கொண்ட பெண்களில் இதயம் பாதிக்கப்பட்டவர்கள், படாதவர்கள் இரு சாராரின் செல்களையும் வைத்து இதய செல்களை உண்டாக்கி, மருந்தை ஊற்றிப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் செல்களே டிஷ்ஷிலும் அதிகம் அடிவாங்கின. 2016இல் வந்தது. யாருக்கு ஆகாது என்பது அவரவர் செல்லில் எழுதியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் "குழந்தை செல்"னு ஒரு பேராசிரியர் கிண்டல் பண்ணினாரே?

கிண்டல் நியாயமானது. குழந்தை என்பதுகூடப் பெருந்தன்மை, சிசு என்றே சொல்லலாம். வளர்ந்த இதய செல் நீளமாக, செங்கல் மாதிரி, நூறு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) மேல் இருக்கும். எங்களுடையது சிறியது, உருண்டை. வளர்ந்தது கொழுப்பை எரித்து வாழும், இது குளுக்கோஸை. மின்சாரச் சேதியை உள்ளே கொண்டுபோகும் குழல்கள் வளர்ந்ததில் வரிசையாக இருக்கும், இதில் இருக்காது. தானாகத் துடிப்பதும் இதன் இன்னொரு முகம்.

முதிர வைக்க என்னென்னவோ செய்கிறார்கள். கொழுப்பு அமிலம் கொடுப்பது, தைராய்டு ஹார்மோன் கொடுப்பது, மாதக்கணக்கில் வளர்ப்பது. ஹாம்பர்கில் தாமஸ் எஷன்ஹாகன் குழு, இரண்டு சிலிக்கான் ரப்பர் தூண்களுக்கு நடுவே செல்களைப் பட்டையாக வளர்க்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தூணை இழுத்துத் தசை வலுப்பெறும், தூண் எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து வலிமையையும் அளக்கலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அத்தகைய திசுவுக்கு மின்துடிப்பின் வேகத்தை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போய் உடற்பயிற்சி கொடுத்தார்கள். இளம் செல்களில் ஆரம்பித்தால் நான்கு வாரத்தில் அந்தக் குழல்கள் உருவாயின (2018). வியன்னாவில் ஒரு குழு 2021இல் நடுவே அறை உள்ள குட்டி இதய உருண்டைகளைத் தாமாகவே உருவாகச் செய்தது. அது கருவின் இதயம் எப்படி வடிவெடுக்கிறது என்று படிக்க அருமையானது. எண்பது வயது இதயத்துக்கு அதைக் காட்டிப் பயனில்லை.

கருவைக் கொன்னுதானே இதெல்லாம்?

ஐபிஎஸ் செல்லுக்குக் கரு தேவையில்லை. கருவிலிருந்து வந்த பழைய செல் வரிசைகள் சிலவற்றையும் ஆய்வுக்கூடங்கள் இன்னும் பயன்படுத்துகின்றன. குழந்தைப்பேறு சிகிச்சையில் மிஞ்சி, பெற்றோர் சம்மதித்துக் கொடுத்த கருக்களிலிருந்து உண்டாக்கியவை அவை. அதில் சங்கடம் உள்ளவர்களின் சங்கடத்தை நான் மதிக்கிறேன். ஐபிஎஸ்சுக்கு வேறு விதமான நெறிமுறைக் கேள்வி உண்டு, கடைசிக்கு முந்தைய பதிலில் பாருங்கள்.

அக்கா, எங்க அப்பாவுக்கு இதயம் 25 சதவீதம்தான் பம்ப் பண்ணுது. ஒரு கிளினிக்ல ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாகும்னு சொல்றாங்க. போடலாமா?

இந்தக் கேள்வி வரும்போது மட்டும் நான் பந்தியிலிருந்து எழுந்து தனியாகப் போய்ப் பேசுவேன். பதில்: வேண்டாம். இந்தியாவில் ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல் ஸ்டெம் செல் சிகிச்சை என்று ஏற்றது, குறிப்பிட்ட நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றை மட்டுமே. மற்ற எல்லாம் முறைப்படி பதிவு செய்து அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் மட்டும்தான் நடக்கலாம் என்றது. ஆய்வில் சேர்பவரிடம் அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் அது ஆய்வல்ல. அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜை அல்லது கொழுப்பு செல். அது இதயத் தசையாக மாறாது.

நான் வளர்க்கும் மாதிரி செல்களை இதயத்தில் வைக்கும் முயற்சி வேறு, அது உண்மையாகவே நடக்கிறது. சியாட்டிலில் சார்லஸ் மர்ரியின் குழு 2014இல் நூறு கோடி மனித இதய செல்களைக் குரங்கின் இதயத்தில் செலுத்தியது. செல்கள் ஒட்டிக்கொண்டன, குரங்கின் இதயத்தோடு சேர்ந்து துடித்தன. ஆனால் சில வாரங்களுக்குத் தாளம் கெட்டது. காரணம் ஆறாவது பதிலில் சொன்னதுதான்: தானாகத் துடிக்கும் குணம். மேளக் கச்சேரி நடுவே இன்னொரு ஆள் தன் தாளத்தில் தட்டுகிற மாதிரி. அதே ஊர் ஆய்வாளர்கள் 2023இல், தானாகத் துடிக்க வைக்கும் மூன்று மரபணுக்களை நீக்கி, ஓய்வில் வைத்திருக்கும் ஒன்றைக் கூட்டி, செல்லை அடங்கியிருக்கச் செய்தார்கள். ஒசாகாவில் யோஷிகி சவாவின் குழு 2020இல் ஐபிஎஸ் இதய செல்களாலான மெல்லிய விரிப்பை முதல் நோயாளியின் இதயத்தின் மேல் வைத்தது. ஜெர்மனியின் கோட்டிங்கனிலும் இதயத் தசை ஒட்டு வைத்து மனித ஆய்வு நடக்கிறது. இன்றைக்கு உங்கள் அப்பாவுக்கு உதவக்கூடியவை, அவருடைய டாக்டர் எழுதித்தரும் நான்கு வகை மாத்திரைகளும் உப்பைக் குறைப்பதும்.

இதயத்துலயே ஸ்டெம் செல் இருக்குன்னு படிச்சேனே? அதைத் தூண்டிவிட்டாப் போதும்னு?

நீங்கள் படித்தது பழைய செய்தி. பியெரோ அன்வெர்சா என்பவரின் குழு 2000களின் தொடக்கத்திலிருந்து சி-கிட் என்ற அடையாளமுள்ள செல்கள் இதயத்தில் இருப்பதாகவும், அவை புதுத் தசையை உண்டாக்குவதாகவும் எழுதியது. உலகமே அதன் பின்னால் ஓடியது, மனித ஆய்வுகளும் நடந்தன. மற்றவர்கள் செய்து பார்த்தபோது வரவில்லை. 2018 அக்டோபரில் ஹார்வர்டும் அதனோடு இணைந்த மருத்துவமனையும் அந்த ஆய்வுக்கூடத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி சொல்லின, அவற்றில் பொய்யான தரவு இருந்தது என்று. ஏறத்தாழ இருபது ஆண்டு, எத்தனை பேரின் முனைவர் பட்டம், எத்தனை நோயாளிகளின் நம்பிக்கை! அணுகுண்டுக் கார்பன் சொன்ன கணக்கு 2009லேயே மேசை மீது இருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நான் ரத்தம் தரேன். என் செல்லை வச்சு எனக்கு எந்த மருந்து ஒத்துக்கும்னு சொல்லிடுவீங்களா?

இன்றைக்கு இல்லை. ரத்தத்திலிருந்து ஐபிஎஸ் ஆக்கவும், அது சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும், இதய செல்லாக்கவும், கொஞ்சம் முதிர வைக்கவும் ஆறு மாதம் எளிதாகப் போய்விடும். செலவும் தனி ஒருவருக்கு ஏற்றதல்ல. அரிய நோயுள்ள ஒரு குடும்பத்துக்குச் செய்தால் அதிலிருந்து தெரிவது அதே நோயுள்ள மற்றவர்களுக்கும் பயன்படும், அப்போது பொருள் உண்டு. வேலூர் சிஎம்சி வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையம், பெங்களூரின் இன்ஸ்டெம் போன்ற இடங்களில் நம் நாட்டு நோயாளிகளின் ஐபிஎஸ் செல்களை உண்டாக்கும் வேலை நடக்கிறது.

கொடுக்குமுன் சம்மதப் படிவத்தை முழுக்கப் படியுங்கள். ஐபிஎஸ் செல் சாகாது, உறைய வைத்தால் உங்களுக்குப் பிறகும் இருக்கும். அதில் உங்கள் முழு டிஎன்ஏவும் இருக்கிறது, உங்கள் அண்ணன் தம்பி, உங்கள் பிள்ளைகள் ஆகியோரின் டிஎன்ஏவில் பாதியும் கூடவே. அது வேறு நாட்டுக்குப் போகலாமா, கம்பெனிக்கு விற்கலாமா, இடையில் வேண்டாம் என்றால் அழிப்பார்களா, தற்செயலாக வேறு நோய் தெரிந்தால் உங்களிடம் சொல்வார்களா என்ற நான்கையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் கையை நீட்டாதீர்கள்.

சித்தி, அந்தக் குட்டி இதயத்துக்கு வலிக்குமா?

அக்கா மகள், ஏழு வயது. வலிக்காது கண்ணா. வலிக்க நரம்பு வேண்டும், வலிக்கிறது என்று தெரிந்துகொள்ள மூளை வேண்டும், அதில் இரண்டும் இல்லை. பசி மட்டும் உண்டு. அதனால்தான் சித்தி பொங்கலன்றும் லேப்புக்குப் போய்த் திரவம் மாற்றிவிட்டு வந்தேன்.